கென்யாவில் ஆட்டுக்கறி: தட்டுக் கணக்கு வேண்டாம், கிலோ கணக்கில் வாங்குங்கள்

கென்யாவில் நியாமா சோமா (சுட்ட இறைச்சி) சாப்பிடப் போனால் மெனு கார்டைத் தேடாதீர்கள். கறிக்கடையும் அடுப்பும் ஒன்றாக இருக்கும் கடைக்குப் போய், தொங்குகிற வெள்ளாட்டுக்கறியில் உங்களுக்குப் பிடித்த துண்டை நீங்களே காட்டி, எடை போட வைத்து, அப்புறம் சுடச் சொல்லுங்கள். 'ம்புஸி, நூசு கிலோ' என்றால் ஆட்டுக்கறி அரை கிலோ. விலையைச் சுடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பச்சைக் கறியின் எடைக்குத்தான் காசு என்பதால், எவ்வளவு எலும்பு, எவ்வளவு கொழுப்பு என்று கண்ணால் பார்த்தே வாங்கலாம். விலாவைவிடத் தொடையில் சதை அதிகம். ஆனால் ருசி விலாவில்தான் என்பேன். மசாலா கிடையாது, உப்பு மட்டும்தான், அதனால் கறி நல்லதாக இருந்தே ஆகவேண்டும். கரியில் நிதானமாகச் சுட ஒரு மணி நேரம்கூட ஆகும். சொல்லிவிட்டுப் பக்கத்துச் சந்தையைச் சுற்றி வரலாம். ஆனால் அங்கேயே உட்கார்ந்தால் பக்கத்து மேசைக்காரர்களோடு பேச்சு தானாகத் தொடங்கிவிடும், அதுதான் எனக்குப் பிடித்தது. மரப்பலகையில் நறுக்கித் தருவார்கள். உகாளியும் கச்சும்பரியும் சேர்த்துக் கையால்தான் சாப்பிடவேண்டும். உகாளி மக்காச்சோள மாவுக் களி, கச்சும்பரி தக்காளி வெங்காயப் பச்சடி.

அவசரப் பசிக்கு இது ஒத்துவராது. தட்டுக்கு விலை வைத்திருக்கும் ஹோட்டல்களிலும் இப்படிக் கேட்க முடியாது.