டெல்டா ஈரத்தில் ஒரு பேனாக்கத்தியை வைத்துக்கொள்வது எப்படி

சட்டைப் பையில் பேனாக்கத்தி இருக்கிறது என்று சொன்னால் எங்கள் ஊரில் முதலில் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். அப்புறம் உர மூட்டைத் தையல் பிரியாமல் மல்லுக்கட்டும்போது, "அந்தக் கத்தியக் கொஞ்சம் குடுப்பா" என்று அவர்களே கையை நீட்டுவார்கள். பாபநாசத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே பதினைந்து வருடமாக ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு திரிகிறேன், வீட்டில் பிஸ்கட் டப்பாவில் இன்னும் பதினொன்று கிடக்கின்றன.

முதலில், எதற்கு என்று முடிவு செய்யுங்கள். வாழையிலை நறுக்க, நார் கிழிக்க, பம்ப்செட் ஒயரின் தோல் சீவ, பார்சல் டேப் கிழிக்க, வரப்பில் உட்கார்ந்து மாங்காய்க்குக் கீற்றுப் போட என்றால் மூன்று அங்குல அலகு தாராளம். இளநீர், நுங்கு எல்லாம் அரிவாள் வேலை. நுங்கின் கண்ணைக் கத்தி முனையால் நெம்பப் போய் முனையை ஒடித்துக்கொண்டவன் சொல்கிறேன், மடக்குக் கத்தியை நெம்புகோலாக்காதீர்கள்.

வாங்கும்போது மடக்கும் இடத்தைப் பாருங்கள். பழைய பேனாக்கத்திகளில் பூட்டு கிடையாது, முதுகில் இருக்கும் வில்தான் அலகைப் பிடித்து நிற்கிறது. இழுத்து அறுக்கும்வரை பிரச்சினை இல்லை, முனையால் குத்தித் துளை போட்டால் அலகு மடங்கி நேராக ஆள்காட்டி விரலில் உட்காரும். சுவிஸ் கம்பெனியான விக்டோரினாக்ஸின் சின்ன சிவப்புக் கத்திகளும் இதே கதைதான், சாவிக்கொத்தில் தொங்கும் 58 மில்லிமீட்டர் ரகம் டேப் கிழிக்கவும் நூல் அறுக்கவும் போதும், அதற்கு மேல் கேட்காதீர்கள். குத்துகிற வேலை இருந்தால் பூட்டு உள்ளதாக வாங்குங்கள். பிரான்ஸின் சவாய் மலைப்பக்கத்தில் 1890-இல் பிறந்த ஒப்பினெல் கத்தியில் 1955 முதல் கழுத்தில் ஒரு வளையம் இருக்கிறது, திருகினால் அலகு அசையாது. அதன் 8-ஆம் நம்பர், 8.5 சென்டிமீட்டர் அலகு, என் கைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. ஒரே தொல்லை, பிடி பீச் மரம். ஐப்பசி அடைமழையில் மரம் ஊதி அலகைக் கவ்விக்கொள்ளும், நகம் பிய்ந்தாலும் திறக்காது. அப்போது வளையத்தைத் திறந்த நிலையில் வைத்துவிட்டு, பிடியின் அடிப்பக்கத்தை மேசை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினால் அலகு தானே தலையை நீட்டும்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று யாராவது ஆரம்பித்தால் மடக்கெழுத்தாணியைக் காட்டுங்கள். ஒரு முனையில் ஓலையில் கீற எழுத்தாணி, மறுமுனையில் ஓலையை வார ஒரு சின்னக் கத்தி, இரண்டும் பிடிக்குள் மடங்கும். தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் அடுக்கி வைத்திருக்கும் சுவடிகளை எழுதிய கைகளில் சிலதாவது இதைப் பிடித்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றும்.

சரி, துரு. இதுதான் நம் பக்கத்தின் பெரிய தலைவலி. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருக்கிறீர்களா, யோசிக்காமல் எவர்சில்வர் ரகத்தையே வாங்குங்கள். உள்ளே தள்ளி இருப்பவர்கள் கார்பன் இரும்பை வைத்துப் பார்க்கலாம், அது கல்லில் சீக்கிரம் தீட்டுப்படும், ஆனால் ஒரு எலுமிச்சம்பழம் நறுக்கினாலே அலகு சாம்பலும் நீலமுமாக மாறிவிடும், வாழைக்கறையும் சேர்ந்தால் கறுப்பே ஆகிவிடும். அதற்குப் பயப்பட வேண்டாம், அந்தக் கறுப்பு ஓரளவு துருவைத் தடுக்கிறது. வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள், துணியில் செம்மண் நிறம் ஒட்டினால்தான் துரு.

எண்ணெய் விஷயத்தில் பல பேர் ஏமாறுவார்கள். அலகில் தேங்காய் எண்ணெய் தடவலாம், அதே கத்தியால் பழம் நறுக்குகிறோம், வாயில் போனாலும் ஒன்றுமில்லை. மடக்குகிற மூட்டில் மட்டும் விடாதீர்கள். ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறையும், மார்கழிக் காலையில் பாட்டிலில் என்ன நடக்கிறதோ அதுவேதான் மூட்டுக்குள்ளும் நடக்கும், போதாததற்குத் தூசியைச் சேர்த்துப் பிசின் ஆக்கிவிடும். அங்கே தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு.

தீட்டுவதற்கு சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் மெல்லிய அலகைக் கொடுக்காதீர்கள். அரிவாளுக்கு அவர் ராஜா. ஆனால் தண்ணீர் இல்லாமல் சுற்றும் சக்கரத்தில் பொறி பறக்கும்போது மெல்லிய விளிம்பு சூடேறி நீலம் பாய்ந்துவிட்டால் இரும்பின் பதம் போயிற்று, அப்புறம் எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. 1000 நம்பர் கல் ஒன்று வாங்குங்கள். ஒரு தாளின் மூலையை இரண்டு முறை சரிபாதியாக மடித்தால் கிடைக்கும் கோணம் 22 டிகிரி சொச்சம், அலகின் முதுகைக் கல்லிலிருந்து அந்த அளவுக்குத் தூக்கி, கல்லை நனைத்துக்கொண்டு, ஒரே பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே இருங்கள். மறுபக்க விளிம்பில் கட்டைவிரலைக் குறுக்காக மெல்ல ஓட்டினால் ஒரு பிசிர் தட்டுப்படும். அது அடிமுதல் நுனிவரை வந்த பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும், பெரும்பாலோர் பொறுமையிழப்பது இங்கேதான். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் கூர் பின்னால் வருமாறு இருபது இழுப்பு. சோதனைக்கு நான் கொழுந்து வெற்றிலையை எடுப்பேன் (கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதை இப்படிப் பாழாக்கலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள்). நசுங்காமல் நரம்போடு அறுந்தால் சரி.

சட்டம்? 2016 ஆயுத விதிகளில் வாள், குத்துவாள் வரிசையில் வருவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் செய்தவை அதில் சேராது. அதற்காக திருவிழாக் கூட்டத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் எடுத்துப் போகாதீர்கள், மூன்று அங்குலமானாலும் ஏட்டுக்குப் பதில் சொல்வது நீங்கள்தான். விமானத்தில் கைப்பையில் கூடாது, பெரிய பெட்டியில் போட்டு அனுப்புங்கள். மறந்துபோய் ஒரு நல்ல கத்தியைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு ஏறியிருக்கிறேன்.

யாருக்காவது கொடுக்கும்போது கீழே வையுங்கள், அவர் எடுத்துக்கொள்ளட்டும். கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பார் பாட்டி, சண்டை வருகிறதோ இல்லையோ விரல் தப்பும்.

சேர்க்கத் தொடங்கினால் தோல் உறையிலேயே வருடக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து அலகில் புள்ளி போடும். எண்ணெய்த் துணியில் சுற்றி, செருப்புப் பெட்டியில் வரும் அந்தச் சின்ன சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி வைத்தால் போதும். ஆயுத பூஜையில் மட்டும் கவனம். ஒரு வருடம் பன்னிரண்டு கத்திக்கும் அலகில் ஈரச் சந்தனம் வைத்துப் படைத்தோம், மறுநாள் விஜயதசமிவரை தொடக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார்கள். காலையில் துடைத்துப் பார்த்தால் கார்பன் அலகுகள் ஐந்திலும் பொட்டு வட்டமாகவே துரு பிடித்திருந்தது. இப்போது சந்தனம் பிடியில் மட்டும். அந்த ஐந்தில் நான்கைக் கல்லில் தேய்த்துவிட்டேன், தாத்தாவுடையதை மட்டும் பொட்டோடு அப்படியே விட்டிருக்கிறேன்.