தாடையோரம் பரு வருகிறதா? டீயிலிருந்து தொடங்குங்கள்

தோல் மருத்துவப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். 25 வயதைத் தாண்டிய பிறகும் தாடையோரத்திலும் மோவாயிலும் பரு வருகிறதே என்று தினமும் யாராவது ஒரு பெண் வருத்தப்படுவார். "சூட்டு உடம்பு சிஸ்டர், முட்டை, மாம்பழம் எல்லாம் விட்டுட்டேன், அப்பவும் போகல" என்பார். முட்டையை விட வேண்டாம், புரதம் வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை டீ என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

4 டீ, ஒவ்வொன்றிலும் 2 டீஸ்பூன் சர்க்கரை என்றால் சுமார் 32 கிராம் ஆகிவிடுகிறது. 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதற்கு மேல் பிஸ்கட், சாயங்காலம் பப்ஸ். சர்க்கரையும் மைதாவும் ரத்தத்தில் வேகமாக ஏறும்போது இன்சுலின் கூடுகிறது. அது ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோனை (ஆண்தன்மை ஹார்மோன், பெண்களுக்கும் கொஞ்சம் சுரக்கும்) தூண்டிவிட, தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகமாகச் சுரக்கின்றன. வடையில் உள்ள எண்ணெய் நேராக முகத்துக்கு வருவதில்லை.

அதனால் முதல் வாரம் சர்க்கரையைப் பாதியாகக் குறையுங்கள். நாட்டுச் சர்க்கரை, வெல்லம் என்று மாறினாலும் கணக்கு அதேதான். பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல் அல்லது வேர்க்கடலை வைத்துக்கொள்ளுங்கள். சோற்றை நிறுத்த வேண்டியதில்லை. ஒரு கரண்டி குறைத்து, பொரியலையும் கீரையையும் பருப்பையும் கூட்டினால் போதும். பால் சிலருக்குப் பருவை அதிகமாக்கும். சந்தேகமிருந்தால் ஓரிரு மாதம் குறைத்துப் பாருங்கள். கால்சியத்துக்குக் கேழ்வரகும் நெத்திலியும் இருக்கின்றன. ஜிம்மில் வே புரோட்டீன் பவுடர் (இதுவும் பாலிலிருந்து எடுப்பதுதான்) குடிப்பவர்கள் அதையும் நிறுத்திப் பார்க்கலாம்.

நெற்றியில் மட்டும் பொடிப்பொடியாக வந்தால் தலைக்கு வைக்கும் எண்ணெயைக் கவனியுங்கள். இரவு முழுக்க ஊற விடாமல், குளிப்பதற்குச் சற்று முன்பு தேய்த்து அலசுங்கள். தலையணை உறையையும் ஹெல்மெட் வாரையும் அடிக்கடி துவையுங்கள். தூக்கம் கெட்டாலும் மன அழுத்தம் கூடினாலும் பரு கூடும். இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்கள் பகலில் அறையை இருட்டாக்கியாவது தூங்க வேண்டும்.

என்னை மிகவும் வேதனைப்படுத்துவது, சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு க்ரீம்கள். பூசினால் முகம் பளிச்சென்று ஆகும், பருவும் அடங்கும். நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகத் திரும்பி வரும். தோல் மெலிந்து, சிவந்து, வெயில் பட்டாலே எரியும். தோழி சொன்னாள், அக்கா சொன்னாள் என்று தயவுசெய்து பூசாதீர்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசிவருகிறீர்கள் என்றால், அந்த ட்யூபைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

மாதவிடாய் 35 நாளைத் தாண்டித் தாண்டி வருகிறதா? மீசை, தாடிப் பகுதியில் முடி வளர்கிறதா? உச்சியில் முடி மெலிகிறதா? அப்படியானால் பிசிஓஎஸ் எனும் சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு இருக்கலாம். உணவு மாற்றம் உதவும், ஆனால் அது மட்டும் போதாது. மகப்பேறு மருத்துவரையும் பாருங்கள்.

பலன் தெரிய 2, 3 மாதம் ஆகும். மாதவிடாய்க்கு முந்தைய வாரம் இரண்டு பரு எட்டிப் பார்த்தால் மனம் தளர வேண்டாம். கர்ப்பத்துக்கு முயற்சி செய்பவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை வயிற்றுக் குழந்தைக்குப் பிறவிக் குறைபாட்டை உண்டாக்கக்கூடியது.