சேவ் மெனு வேறு ஆட்டத்தைத் திறந்தால்

அட்வென்ச்சர் கேம் ஸ்டுடியோ என்ற ஆட்டம் உருவாக்கும் மென்பொருளில், சேமித்த ஆட்டங்களின் பட்டியலில் முதல் வரியைத் தேர்ந்தெடுத்தால் வேறு ஆட்டம் திறக்கிறதா? சேமித்த ஆட்டத்தைத் திறக்கும் ரெஸ்டோர்கேம்ஸ்லாட்டுக்குள், தேர்ந்தெடுத்த வரியின் எண்ணான செலக்டட்இண்டெக்ஸை அப்படியே கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பட்டியலை நிரப்பும் ஃபில்சேவ்கேம்லிஸ்ட், கடைசியாகச் சேமித்ததை மேலே வைத்து அடுக்குகிறது. அதனால் வரி எண் வேறு, ஆட்டம் சேமிக்கப்பட்ட இடத்தைக் குறிக்கும் ஸ்லாட் எண் வேறு. சரியான எண் சேவ்கேம்ஸ்லாட்ஸ் அரேயில் இருக்கிறது. நான் இரண்டு எண்களையும் டிஸ்ப்ளே கட்டளை போட்டுத் திரையில் பார்த்துவிடுவேன். ஊகிப்பதைவிட அது வேகம். சேமிக்கும் பக்கத்தில் இதே பிழை இருந்தால் இன்னும் மோசம், ஆடுபவரின் பழைய ஆட்டமே அழிந்துபோகும். எதையும் தேர்ந்தெடுக்காதபோது இண்டெக்ஸ் -1. அதை முதலிலேயே தடுத்துவிடுங்கள். அப்புறம், ஆட்டத்தைச் சேமிக்கும் சேவ்கேம்ஸ்லாட், அதை எழுதிய நிரல் வரியிலேயே சேமிக்காது, அந்த வரி உள்ள ஃபங்ஷன் முடிந்த பிறகுதான். ஆகவே பட்டியலைச் சேமித்த அடுத்த வரியில் அல்ல, மெனு திறக்கும்போது நிரப்புங்கள்.