காயலான் கடை ரம்பத்துக்கு அரம் போடுவது எப்படி?

துருப்பிடித்து, கைப்பிடி ஆடிக்கொண்டிருந்த ஒரு ரம்பத்தைக் காயலான் கடையில் எடைக்கு வாங்கி வந்தேன். இரண்டு சாயங்கால வேலை. இப்போது வேப்பம்பலகையில் வழுக்கிக்கொண்டு போகிறது.

வாங்கும்போது கைப்பிடியைக் கண்ணருகே வைத்து, பல் ஓரத்தை நுனிவரை நோட்டம் விடுங்கள். தகடு லேசாக வில் போல வளைந்திருந்தால் எதிர்ப்பக்கம் வளைத்து நிமிர்த்தலாம். ஒரே இடத்தில் மடங்கியிருந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். பல் நுனிகள் மட்டும் நீலமாகவோ கறுப்பாகவோ இருந்தாலும் வேண்டாம். அது தயாரிக்கும்போதே பல்லை மட்டும் சூடேற்றிக் கடினமாக்கிய ரகம், அரம் ஏறாது. இது தெரியாமல் முதன்முதலில் அப்படி ஒன்றைத்தான் அராவினேன். ரம்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, புது அரம் மொட்டையானது.

1. துரு. கைப்பிடியைக் கழற்றுங்கள். பித்தளைத் திருகு மெத்தென்று இருக்கும், அழுத்தித் திருகினால் தலை சிதையும். தகட்டில் மண்ணெண்ணெய் தடவி, கட்டையில் சுற்றிய எமரித்தாளால் நீளவாக்கில் தேயுங்கள். முதலில் 120 எண் தாள் (சொரசொரப்பானது), பிறகு 220 (நைசானது). கிரைண்டர் பக்கம் போகவே வேண்டாம், சூட்டில் எஃகின் பதம் போய்விடும். கைப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினால் போதும். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவையுங்கள். சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும்.

2. பிடிப்பு. இரண்டு நேரான பலகைக்கு நடுவே தகட்டை வைத்து வைஸில் (மேசையில் பொருத்திய இறுக்குப்பிடியில்) இறுக்குங்கள். பல் மேலே 5, 6 மி.மீ. மட்டும் தெரியட்டும். கூடினால் தகடு அதிரும், அரம் கிறீச்சிடும்.

3. மட்டம். பலரும் தாண்டிப்போவது இதைத்தான். தட்டை அரத்தைப் பல் நுனிகள்மேல் படுக்கவைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓட்டுங்கள். விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்: உயரமான பற்களின் தலையில் கடுகளவு மினுமினுப்பு தெரியும், குட்டைப் பல் இருட்டாகவே இருக்கும். எல்லாப் பல்லிலும் அந்தப் புள்ளி விழும்வரை ஓட்டுங்கள். அந்தப் புள்ளிதான் அடுத்த வேலைக்கு வழிகாட்டி.

4. அரம் போடுதல். இதற்கு முக்கோண அரம். அதன் ஒவ்வொரு மூலையும் 60 பாகை. இரு பல்லுக்கு நடுவிலுள்ள பள்ளமும் அதே கோணம். அரத்தின் ஒரு முகத்தின் அகலம் பல்லின் ஆழத்தைப்போல் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும்.

பொதுவாக, அங்குலத்துக்கு 5, 6 பல் இருந்தால் மரத்தை நெடுக்க அறுப்பது; 8, 10 இருந்தால் குறுக்கே அறுப்பது. நெடுக்க அறுக்கும் பல் உளிபோல வேலை செய்யும். அரத்தைத் தகட்டுக்கு நேர் குறுக்காகப் பிடிக்க வேண்டும். குறுக்கே அறுக்கும் பல் நாரைக் கத்திபோல வெட்ட வேண்டும் என்பதால், அரத்தை நேர் குறுக்கிலிருந்து 20 பாகை போலப் பக்கவாட்டில் திருப்பிப் பிடிப்பார்கள். முதல் ரம்பம் என்றால் நெடுக்க அறுப்பதிலேயே கைபழகுங்கள்.

ஒவ்வொரு பள்ளத்திலும் எண்ணி இரண்டு, மூன்று தள்ளு. திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். ஒரு பள்ளம் விட்டு ஒரு பள்ளமாகப் போய், ரம்பத்தைத் திருப்பி வைத்து மீதியை முடியுங்கள். முதல் சுற்றில் மினுமினுப்பு பாதியாகும், இரண்டாவதில் மறையும். மறைந்த கணமே கையை எடுங்கள். அதற்குமேல் ஒரு தள்ளு தள்ளினாலும் அந்தப் பல் குட்டையாகிவிடும். மறுபடி மட்டம் பிடிக்கத்தான் வேண்டும்.

5. செட். பற்கள் ஒன்று இடமும் ஒன்று வலமுமாகச் சாய்ந்திருப்பதால்தான் தகடு மரத்தில் சிக்காமல் ஓடுகிறது. பழைய ரம்பத்தில் இருக்கிற செட்டே பெரும்பாலும் போதும். அறுக்கும்போது இறுகினால் மட்டும் செட் வைக்கும் இடுக்கியால் பல்லின் மேல்பாதியை வளையுங்கள். அடியோடு வளைத்தால் ஒடியும்.

கோடு போட்ட கழிவுப் பலகையில் அறுத்துப் பாருங்கள். வெட்டு ஒரு பக்கம் இழுத்தால், அந்தப் பக்கம் செட் அதிகம் என்று பொருள். அந்தப் பக்கப் பற்களின் ஓரத்தில் சாணைக்கல்லைப் படுக்கவைத்து ஒரே ஒருமுறை தடவுங்கள். தகட்டில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டு மறுபடி அறுங்கள்.