திருத்தலப் படமுள்ள பழைய அஞ்சலட்டையை மதிப்பிடுவது எப்படி?

திருத்தலங்களின் படம் தாங்கிய அஞ்சலட்டைகள் யாத்திரிகர்களுக்காகப் பெருமளவில் அச்சடிக்கப்பட்டவை. வாங்கியவர்களும் பக்தியின் காரணமாக அவற்றை எறிந்துவிடாமல் பத்திரப்படுத்தினார்கள். ஆகவே, நூறாண்டுப் பழமை மட்டுமே இவ்வகை அட்டைக்கு மதிப்பைத் தந்துவிடாது. அதிலுள்ள காட்சி எவ்வளவு அரிதானது என்பதே முதன்மையான கேள்வி. அதற்கு விடை காண அட்டையின் காலத்தைக் கணித்தாக வேண்டும்.

முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். தொடக்க காலத்தில் அந்தப் பக்கம் முழுவதும் முகவரிக்கே உரியதாக இருந்ததால், செய்தியைப் படத்தின் ஓரத்தில்தான் எழுத வேண்டியிருந்தது. நடுவே கோடிட்டு ஒரு பாதியில் செய்தியும் மறுபாதியில் முகவரியும் எழுதும் முறையைப் பிரிட்டன் 1902-லும், பிரான்ஸ் 1904-லும், ஜெர்மனி 1905-லும், அமெரிக்கா 1907-லும் அனுமதித்தன. கோடில்லாத அட்டை பெரும்பாலும் அந்தந்த நாட்டில் அதற்கு முன்பு அச்சானதாக இருக்கும். அஞ்சல் முத்திரையின் தேதியோ, அட்டை அதற்குப் பின் அச்சானதல்ல என்பதை மட்டுமே உறுதிப்படுத்தும். கடையில் பல ஆண்டுகள் கிடந்த அட்டையை ஒருவர் வாங்கி அனுப்பியிருக்கலாம்.

அடுத்து, பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸால் படத்தின் வானப் பகுதியை ஆராயுங்கள். சீரான வரிசையில் புள்ளிகள் தெரிந்தால் அது புள்ளிகளாகப் பிரித்து அச்சகத்தில் அடித்த படம். புள்ளிகளின்றி, நுண்ணிய சுருக்கங்கள் போன்ற மணிமணியான பரப்புத் தெரிந்தால், ஜெலட்டின் பூசிய தகட்டிலிருந்து அச்சிடும் கொலோடைப் முறையில் அச்சானது. இத்தகைய அட்டைகளுக்குக் கையால் வண்ணம் தீட்டுவதும் உண்டு என்பதால், கோபுர விளிம்பைத் தாண்டி வண்ணம் வழிந்திருப்பதைக் காணலாம். வெளிச்சமும் நிழலும் எந்தப் புள்ளியுமின்றி ஒன்றோடொன்று கலந்திருந்தால் அது புகைப்படத் தாளிலேயே எடுத்த நேரடிப் பிரதி. சாய்த்துப் பிடிக்கும்போது அதன் கரிய பகுதிகளில் வெள்ளி போன்ற பளபளப்புத் தெரிவது பழமைக்கு நல்ல சான்று. புற ஊதா விளக்கில் தாள் நீலம் கலந்த வெண்மையாக ஒளிர்ந்தால், 1950-க்குப் பிந்தைய மறுபதிப்பாக இருக்குமோ என்று ஐயுற வேண்டும்.

மதிப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி காட்சியைப் படிப்பதுதான். எருசலேமின் திருக்கல்லறைத் தேவாலயத்தில், கல்லறையின் மேலமைந்த சிறு மண்டபத்தைத் தாங்குவதற்காக 1947-இல் பொருத்தப்பட்ட இரும்புச் சட்டங்கள் 2017-இல் முடிந்த சீரமைப்பின்போது அகற்றப்பட்டன. அச்சட்டங்கள் தெரியும் படம் 1947-க்கு முந்தையதாக இருக்கவே முடியாது. பிரான்சின் ரெய்ம்ஸ் பேராலயத்தின் கூரை 1914 செப்டம்பரில் பீரங்கித் தாக்குதலால் எரிந்துபோனது. கூரையோடும் கூரையின்றியும் உள்ள படங்களைப் பிரித்தறிவது எளிது. ஆனால் இவ்வாறு கிடைப்பது படம் எடுத்த காலமேயன்றி அட்டை அச்சான காலமன்று, ஏனெனில் பதிப்பாளர்கள் ஒரே நெகட்டிவை நெடுங்காலம் பயன்படுத்தினார்கள். முகப்பை மட்டும் காட்டும் வழக்கமான படத்தைவிட, திருப்பணிச் சாரம், திருவிழாக் கூட்டம், வாசலில் வணிகம் செய்வோர், பின்னர் இடிக்கப்பட்ட மண்டபம் ஆகியவற்றைக் காட்டும் படத்தையே சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள்.

நிலையைப் பொறுத்தவரை, மூலை மடிப்பு, கிழிசல், துளை, ஈரக்கறை, தபால்தலையைப் பிய்த்தெடுத்த தழும்பு ஆகிய யாவும் மதிப்பைக் குறைக்கும். எழுதப்பட்டிருப்பதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. அந்தத் தலத்திலேயே குத்திய தெளிவான முத்திரையும், பயணத்தைப் பற்றிய நாலு வரியும் மதிப்பைக் கூட்டக்கூடும்.

விலையை ஒப்பிடும்போது, விற்பவர் கேட்கும் தொகையை விட்டுவிட்டு, ஏலங்களில் உண்மையில் விற்றுமுடிந்த தொகையையே பாருங்கள். அதே பதிப்பு, அதே காட்சி, ஏறத்தாழ அதே நிலை என மூன்றும் பொருந்த வேண்டும். ஆல்பத்தில் ஒட்டியிருக்கும் அட்டையைப் பின்பக்கம் பார்ப்பதற்காகப் பிய்க்க வேண்டாம். தாள் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரிடம் ஆல்பத்தோடு கொடுத்துவிடுங்கள்.