ராஸ்பெரி பை கொண்டு அருகிலுள்ள வைஃபை கருவிகளைக் கண்டறிதல்

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்சில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தபடியே, எந்த அலையையும் அனுப்பாமல், சுற்றிலும் இயங்கும் வைஃபை கருவிகளை அறிந்துகொள்ள, ராஸ்பெரி பை என்னும் கையடக்கச் சிறு கணினியும் ஒரு வைஃபை அடாப்டரும் போதும். ரௌட்டர் ஒவ்வொன்றும் பொதுவாக விநாடிக்கு ஏறத்தாழ 10 முறை தன் இருப்பை அறிவிக்கிறது. கைப்பேசிகளும் இணைப்பைத் தேடி அவ்வப்போது குரல் கொடுக்கின்றன. நாம் அவற்றைக் கேட்கப் போகிறோம், அவ்வளவுதான்.

முதலில் அடாப்டர். ராஸ்பெரி பையுடன் வரும் வைஃபை சில்லு, வழக்கமான மென்பொருளுடன், தனக்கு வராத சமிக்ஞைகளையும் கேட்கும் ‘மானிட்டர்’ நிலைக்கு மாறாது என்பதால், அந்நிலையை ஏற்கும் யூஎஸ்பி அடாப்டர் ஒன்று தேவை. லோயட் பிளாசாவின் கணினிக் கடைகளில் வாங்குவதானால், பெட்டியில் அச்சிட்டுள்ள வேகத்தை விட்டுவிட்டு, உள்ளிருக்கும் சில்லின் பெயரை விசாரியுங்கள். ஏஆர்9271 சில்லு 2.4 கிகாஹெர்ட்சில் மட்டும் கேட்கும். எம்டி7612யூ 5 கிகாஹெர்ட்சிலும் கேட்கும்.

அடுத்து, ராஸ்பெரி பை ஓஎஸ்-ஐ ஏற்றி, ரௌட்டருடன் லேன் கம்பியால் இணைத்து, உள்ளமைந்த வைஃபையையும் புளூடூத்தையும் அணைத்துவிடுங்கள். இல்லையெனில் நம் கருவியே பேசத் தொடங்கிவிடும். பின்னர், கேட்ட கருவிகளைப் பட்டியலிடும் கிஸ்மெட் மென்பொருளை நிறுவுங்கள். அதை இயக்குமுன், தரவுப் பொட்டலங்களை, அதாவது பிறர் அனுப்பும் உள்ளடக்கத்தின் துண்டுகளை, சேமிக்கும் வசதியை அதன் பதிவு அமைப்புக் கோப்பில் நிறுத்திவிட வேண்டும். பிறருடைய தகவல்தொடர்பை அனுமதியின்றி இடைமறிப்பதை மலேசியாவின் 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 234ஆவது பிரிவு தடை செய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அண்டை வீட்டாரின் உரையாடல் நமக்கு எதற்கு?

இனி உலாவியில் ராஸ்பெரி பையின் ஐபி முகவரியை 2501 என்ற போர்ட்டுடன் (முகவரியின் பின் ‘:2501’ சேர்த்து) திறந்து, கடவுச்சொல் அமைத்து, அடாப்டரைத் தரவு மூலமாகச் சேர்த்தால் பட்டியல் நிரம்பத் தொடங்கும்.

அதைப் படிப்பதில்தான் நிதானம் வேண்டும். ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் மேக் முகவரி, இரண்டிரண்டு குறிகளாக எழுதப்படும். அதன் முதல் மூன்று இணைகள் வழக்கமாகத் தயாரிப்பாளரைக் காட்டும். ‘பி8:27:ஈபி’ எனத் தொடங்குவது பழைய ராஸ்பெரி பை ஒன்றாக இருக்கும். ஆனால் முகவரியின் இரண்டாவது குறி 2, 6, ஏ, ஈ ஆகியவற்றுள் ஒன்றானால், அது தயாரிப்பாளர் வழங்கிய முகவரி அன்று. கைப்பேசியாயின், பெரும்பாலும் அது தானே உருவாக்கிக்கொண்ட தற்காலிக முகவரிதான். இன்றைய விவேகக் கைப்பேசிகள் இவ்வாறு முகவரியை மாற்றி மாற்றித் தேடுவதால், ஒரே கைப்பேசி பல வரிகளாகத் தோன்றும். வரிகளை எண்ணிவிட்டு ஆட்களை எண்ணியதாகக் கொள்ளாதீர்கள்.

அடாப்டர் ஒரு நேரத்தில் ஒரு சேனலை, அதாவது ஓர் அலைவரிசைப் பிரிவை, மட்டுமே கேட்கும். சேனலுக்குச் சேனல் தாவிக்கொண்டே இருக்கையில் சிலவற்றைத் தவறவிடும். ஆகவே முதல் பயிற்சிக்கு, உங்கள் ரௌட்டர் 6ஆம் சேனலில் இருந்தால் அடாப்டரையும் அதிலேயே நிறுத்தி, அதனுடன் இணைந்த உங்கள் கைப்பேசியில் காணொளி ஒன்றை ஓடவிட்டபடி சமையலறை வரை நடந்து பாருங்கள். அருகில் -40 டிபிஎம் (சமிக்ஞை வலிமையின் அலகு; பூஜ்ஜியத்தை நெருங்கினால் வலிமை அதிகம்) அளவில் இருந்த சமிக்ஞை, இடையில் ஒரு கான்கிரீட் சுவர் வந்ததும் எவ்வளவு இறங்குகிறது என்பதைக் குறித்துக்கொண்டால், பட்டியலிலுள்ள மற்ற எண்களை எடைபோட அதுவே உங்கள் அளவுகோல்.