குப்பையோடு பொலித்தீனையும் எரிக்கிறீர்களா?

மட்டக்களப்புப் பக்கம் பின்னேரம் வளவு கூட்டினால் சருகோடு சொப்பிங் பேக், லஞ்ச் சீட், யோகட் கோப்பை எல்லாம் ஒரே குவியலாகித் தீக்குப் போகும். தயவுசெய்து கொளுத்துவதற்கு முன் அவற்றைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

வளவுத் தீயில் சூடு போதாது. பிளாஸ்டிக் அரைகுறையாக எரிந்து நுண்ணிய கரியும் காபன் மொனொக்சைட்டும் புகையோடு வரும். பிவிசி குழாய், வயர் உறை என்றால் ஹைட்ரஜன் குளோரைட் என்ற வாயுவும் டையொக்சின் என்ற நச்சுப்பொருளும் சேரும். முன்னது கண்ணையும் தொண்டையையும் உடனே எரிக்கும். டையொக்சின் அப்படி இல்லை, சத்தமில்லாமல் கொழுப்பில் படிந்து வருடக்கணக்கில் உடம்பில் தங்கும். அதில் மிக நச்சான வகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997இலேயே வகைப்படுத்திவிட்டது. சாம்பலிலும் அது இருக்கும். அந்த இடத்தைக் கிளறி மேயும் நாட்டுக்கோழியின் முட்டைக்குள்ளும் போகும். அதனால் அந்தச் சாம்பலைக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் போடாதீர்கள்.

அடுப்பு மூட்டப் பொலித்தீன் துண்டு வைக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். குசினிக்குள் அந்தப் புகை முழுக்க அம்மாவுக்கும் பிள்ளைக்கும்தான். காய்ந்த பொச்சுமட்டை, தென்னம்பாளை போதும்.

கச்சான் காற்றில் பக்கத்து வீட்டுப் புகை வந்தால் கதவு, ஜன்னலைச் சாத்துங்கள். துணி மாஸ்க் வாயுவைத் தடுக்காது. கண் எரிந்தால் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். இளைப்புக்காரருக்கு மூச்சு முட்டினால் தாமதிக்காமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

சரி, பொறுக்கியதை என்ன செய்வது? கழுவிக் காயவைத்து ஒரு உரப்பையில் சேர்த்து, குப்பை வண்டி வரும் நாளில் தனியாகக் கொடுங்கள்.